இல்லாத கயிற்றை இழுத்தவர்கள்

இல்லாத கயிற்றை இழுத்ததில் ஐயாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. தொடை இரண்டும் கல்லில் அடித்துத் துவைத்த கோணிபோல் தொய்ந்து கிடந்தன. காலையில் குடித்த மரவள்ளிக் கஞ்சி வயிற்றில் இருந்ததற்கான அடையாளமே இல்லை. வகுப்பு பெஞ்சில் நேராக உட்கார்ந்தால் முதுகு தெறித்தது. சாய்ந்து உட்கார்ந்தால் பிரம்பு விழும். ஆகவே ஒரு பக்கப் புட்டத்தில் பாரத்தை ஏற்றிக்கொண்டு, கரும்பலகையில் இருந்த நிப்பொங்கோ என்கிற ஜப்பான் மொழி எழுத்துகளைப் பார்த்து வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தான் ஐயாவு.

“என்னா மச்சான், பிரசவ வலியா?” என்றான் பக்கத்தில் இருந்த சீனி, உதடு அசையாமல்.

“இடுப்புலா. நிமிர முடியல.”

“இல்லாத கயித்துக்கே இப்படின்னா, நெசக் கயிறு வந்தா உன்னைப் பாயில சுருட்டித்தான் தூக்கிட்டுப் போவணும்.”

ஐயாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இடுப்பு இன்னும் வலித்தது.

ஆசியப் பேரெழுச்சி இளம் அதிகாரிகள் கழகம் ஈப்போவில், ஈயச் சுரங்க முதலாளி ஒருவர் அப்படியே போட்டுவிட்டு ஓடிய மாளிகையில் நடந்தது. ஜப்பான்காரன் வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. தோட்டத்திலிருந்தும் டவுனிலிருந்தும் பையன்களைப் பொறுக்கி ஆறு மாதத்தில் அதிகாரிகளாக்கி அனுப்புவது கழகத்தின் வேலை. எதற்கு அதிகாரி, எங்கே அதிகாரி என்று யாரும் சொல்லவில்லை. கேட்ட ஒருவன் அன்று மாலையே அதிகாரி ஆகும் தகுதியை இழந்து வீட்டுக்குப் போனான்.

கழகத்தில் மூன்று துறைகள். கல்வித் துறைக்குத் தலைவர் பெத்தபெருமாள். வெள்ளைக்காரத் துரையிடம் முப்பது வருஷம் பெரிய கிராணியாக, தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவர். படைத் துறைக்குத் தலைவர் சேவுகன். பழைய தொண்டர் படையில் பேண்டு மேளம் தூக்கியவர், இப்போது மீசை வைத்திருந்தார். விளையாட்டுத் துறைக்கு ஜெயபாலன். குதிரைப் பந்தயத் திடலில் சீட்டுக் கிழித்தவர். மூவருக்கும் மேலே கேப்டன் நொசாக்கி. அவருக்கு எப்போதும் பல்வலி. ஆகையால் அவர் சொல்வது சுருக்கமாகவும் கடுமையாகவும் இருக்கும். அதில் ஆழ்ந்த பொருள் இருப்பதாக மற்ற மூவரும் முடிவு செய்திருந்தார்கள்.

ஐயாவு சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவன். கப்பல் வராமல் போனபின் சீவிய பாலை என்ன செய்வதென்று தெரியாமல் மரங்கள் சும்மா நின்றன. ஆட்களும் சும்மா நின்றார்கள். அந்தச் சமயத்தில்தான் ஜெயபாலன் லாரியில் வந்து தொழிலாளர் லயத்து வாசலில் பையன்களை வரிசையாக நிற்கவைத்தார். ஐயாவின் முழங்காலைத் தட்டினார். பல்லைக் காட்டச் சொன்னார். பின்னால் போய்க் குதிகாலைத் தூக்கிப் பார்த்தார்.

“நல்ல எலும்பு. சேத்துத் தரையில ஓடும்,” என்று காகிதத்தில் எழுதிக்கொண்டார்.

அடுத்து நின்ற சீனிக்கு எலும்புதான் இருந்தது, வேறு ஒன்றும் இல்லை. “ஐயா, என்னையும் எடுத்துக்குங்க. நான் கொஞ்சமாத்தான் மக்கான் பண்ணுவேன்,” என்றான். ஜெயபாலனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எடுத்துக்கொண்டார்.

சீனி வந்தது அந்த மக்கானுக்காக, சாப்பாட்டுக்காக. ஐயாவு வந்தது அண்ணனுக்காக. மாதம் ஒரு தடவை தோட்டத்துக் கிராணி இருபது பேர் பட்டியல் எழுதுவார். முதல் தேதி லாரி வரும். சயாமுக்கு ரயில் பாதை போடப் போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. ஒரு கடுதாசிகூட வரவில்லை. கழகத்தில் படிக்கிற பையனின் வீட்டில் ஓர் ஆண்பிள்ளையைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள் என்று ஜெயபாலன் சொன்னார். ஐயாவின் அண்ணன் பத்துமலைக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. பெண்டாட்டி மங்களம், இரண்டு பெண் குழந்தைகள். அவனைப் பார்த்த யாருக்கும் தெரியும், அவன் சயாம்வரை போய்ச் சேரமாட்டான், வழியிலேயே முடிந்துவிடுவான் என்று.

ஆனால் பெயரை ஒரேயடியாக அடிக்கமாட்டார்கள். மாதாமாதம் அடிப்பார்கள். அதற்குச் சமநிலைச் சான்று வேண்டும்.

கேப்டனுடைய கொள்கை அது. கழகத்துப் பையன் படிப்பு, படை, விளையாட்டு மூன்றிலும் சமமாக நிற்க வேண்டும். மாதக் கடைசியில் ஒரு தாள் கொடுப்பார்கள். மூன்று துறைத் தலைவர்களும் அதில் கையெழுத்திட வேண்டும். தன் துறையில் பையன் தேறினான் என்று கையெழுத்திடக் கூடாது; மற்ற இரண்டு துறைகளையும் அவன் அலட்சியம் செய்யவில்லை என்று கையெழுத்திட வேண்டும். ஆகவே பெத்தபெருமாள் மற்ற இரண்டு கையெழுத்தையும் பார்த்தபிறகுதான் போடுவார். சேவுகனும் அப்படியே. ஜெயபாலனும் அப்படியே. முதல் மாதம் ஐயாவு தாளை வைத்துக்கொண்டு மூன்று அறைக்கும் நடந்த தூரத்தைச் சேர்த்தால் தைப்பிங் போய்த் திரும்பியிருக்கலாம். கடைசியில் மூவரும் ஒரே சமயம் கழிவறைக்கு வரிசையில் நின்றபோது பிடித்து வாங்கினான். இரண்டாம் மாதமும் அப்படித்தான். மூன்றாம் மாதம் அதிகாரிகளுக்குத் தனிக் கழிவறை கட்டிவிட்டார்கள். அந்த மாதக் கையெழுத்துக்கு அவன் ஜெயபாலன் வீட்டுக் கிணற்றில் ஐந்து நாள் தூர் வாரினான்.

இதில் நேரத் தகராறு வேறு. கல்வித் துறை தோக்கியோ மணிப்படி நடந்தது; கடிகாரத்தை ஒன்றரை மணி முன்னே தள்ளி வைத்திருந்தார்கள். விளையாட்டுத் துறை நிழலைப் பார்த்து நடந்தது. ஜெயபாலனிடம் கடிகாரம் இல்லை. படைத் துறை ஊதுகுழல்படி நடந்தது. ஊதுகிறவன் எப்போது எழுந்திருக்கிறானோ அப்போது. ஏழு மணி என்று எழுதி ஒட்டினால் அது மூன்று ஏழு மணி. சில நாள் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று வந்து விழும். ஒரே நேரத்தில் மூன்று இடத்திலும் பெயர் கூப்பிடுவார்கள்.

பையன்கள் இதைப் பணிவாகச் சொன்னபோது கேப்டன் தாடையைப் பிடித்துக்கொண்டு நான்கு சொல் சொன்னார். பெத்தபெருமாள் அதை மொழிபெயர்த்தார்.

“ஒரு மனிதன் ஒரே நேரத்தில் மூன்று இடத்தில் இருக்க முடியாது என்பது வெள்ளைக்காரனின் எண்ணம். நம்மை இருநூறு வருஷம் அடிமையாக வைத்திருந்தது அந்த எண்ணம்தான். நானே அதற்குச் சாட்சி. முப்பது வருஷம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.”

அன்றிலிருந்து யாரும் நேரத்தைப் பற்றிப் பேசவில்லை. ஒருவன் பெயரை மூன்று இடத்தில் கூப்பிட்டால் மூன்று பேர் போய் ‘ஹை’, அதாவது ஆஜர், சொல்லிக்கொள்வது என்று பையன்கள் தங்களுக்குள் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஐயாவு ஒரு வாரம் சீனியாக இருந்தான்.

படைத் துறையில் துப்பாக்கி ரப்பர் மரக்கட்டையில் செய்தது. அதை இராணுவத்தின் ஆன்மா என்று சேவுகன் சொல்லுவார். ஐயாவின் துப்பாக்கியைக் கரையான் அரித்துவிட்டது. ஆயுதத்தை எதிரியிடம் பறிகொடுத்த குற்றம் என்று எழுதி இரண்டு வேளைச் சாப்பாட்டை வெட்டினார். எதிரி யார் என்ற இடத்தில் ‘கரையான்’ என்றே எழுதினார், நேர்மையான மனிதர்.

ஆகஸ்ட்டில் கழகத்தின் ஆண்டு விழா வந்தது. கமுந்திங்கில் இதேபோல் ஒரு கழகம் இருந்தது. இரண்டு கழகத்துக்கும் கயிறு இழுக்கும் போட்டி வைக்க வேண்டும் என்று கேப்டன் முடிவு செய்தார். பந்தாட்டம் வெள்ளைக்காரனுடையது, கூடி இழுப்பது ஆசியாவினுடையது. வெல்லுகிற அணியில் எட்டுப் பேருக்கும் அந்த மாதச் சமநிலைச் சான்று தானாகவே கிடைக்கும். மூன்று துறையும் கேள்வி கேட்காமல் கையெழுத்திட வேண்டும்.

ஐயாவுக்கு அன்றே தெரிந்துவிட்டது, பத்துமலை தங்குவதும் போவதும் அந்தக் கயிற்றில்தான் என்று. நான்காம் மாதக் கையெழுத்துக்கு அவனுக்கு வேறு வழி இல்லை. கரையான் விஷயத்தில் சேவுகன் முறுக்கிக்கொண்டு நின்றார். நிப்பொங்கோவில் அவனுக்குத் தன் பெயரே எழுத வரவில்லை.

எட்டுப் பேரைச் சேர்த்தார்கள். ஐயாவு கடைசி ஆள், இடுப்பில் கயிறு சுற்றி நிற்கிற ஆள். சீனி முதல் ஆள்.

“இவனை எதுக்குங்க முன்னால விடுறீங்க? காத்தடிச்சாப் பறந்துருவான்,” என்று ஒருவன் கேட்டான்.

“முன்னால போற குதிரை லேசாத்தான் இருக்கணும்,” என்றார் ஜெயபாலன்.

பிறகுதான் கயிறு இல்லை என்பது தெரிந்தது. பேராக் மாநிலத்தில் இருந்த கயிறெல்லாம் சயாமுக்குப் போய்விட்டது. ஜெயபாலன் ஆறு நகல் எடுத்து மேலிடத்துக்குக் கயிறு கேட்டு எழுதினார். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது: மன உறுதி உள்ள இடத்தில் கயிறு எதற்குத் தேவைப்படுகிறது என்று விளக்கம் தரவும்.

கேப்டன் அதைப் படித்துவிட்டு வெட்கப்பட்டார். மறுநாளிலிருந்து இல்லாத கயிற்றில் பயிற்சி தொடங்கியது.

எட்டுப் பேரும் கையை மூடி, குதிகாலை ஊன்றி, பின்னால் சாய்ந்து நின்றார்கள். எதிரே யாரும் இல்லை. ஜெயபாலன் நடுவில் நின்று கூர்ந்து பார்த்தார். “நாலாவது ஆளு! கயிறு தரையில ஒரசுது, தூக்கு! ஏய் சீனி, நீ இழுக்கல, பிடிச்சிட்டு நிக்கிற!” எதிரணி பலமாக இழுக்கிறது என்று அவர் சொன்னால் இவர்கள் மூன்று அடி முன்னால் போக வேண்டும். அரை மணி நேரம் அப்படிப் பின்னால் சாய்ந்து நின்று பார்த்தவனுக்குத்தான் தெரியும், எதிரே ஆள் இருந்தால் எவ்வளவு சுகம் என்று. சாய்வதற்கு ஒரு பிடி இருக்கும். இல்லாத கயிறு யாரையும் தாங்காது.

பயிற்சி முடிந்ததும் கயிற்றைச் சுருட்டி ஸ்டோரில் ஒப்படைக்க வேண்டும். ஸ்டோர்காரன் நீளத்தை அளந்து கையெழுத்து வாங்குவான். ஒரு நாள் மழை வந்துவிட்டது. எல்லோரும் ஓடினார்கள். கயிற்றைத் திடலிலேயே போட்டுவிட்டு வந்தது யார் என்று விசாரணை நடந்தது. கடைசி ஆள் என்பதால் ஐயாவு மாட்டினான்.

“கயித்த எங்கடா போட்ட?” என்றார் ஜெயபாலன்.

“ஞாபகம் இல்லங்க.”

“ஞாபகம் இல்லையா? நனைஞ்ச கயிறு கனம் கூடிப் போச்சுன்னா நாளைக்கு யாரு இழுப்பா?”

ஐயாவு யோசித்துப் பார்த்தான். ‘நானே இழுக்கிறேங்க’ என்றான். மறுநாள் அவனை மட்டும் தனியாக நனைந்த கயிற்றை இழுக்கவிட்டார்கள். அன்று பிடித்துக்கொண்டதுதான் அந்த இடுப்பு.

சீனிதான் ஒரு வழி கண்டுபிடித்தான். ஜெயபாலனிடம் போய் உள்ளங்கையை ஊதிக்கொண்டே நின்றான்.

“என்னடா?”

“கயிறு கையை அறுக்குதுங்கண்ணே. தேங்காயெண்ணெய் கொஞ்சம் போட்டா நாளைக்கு இன்னும் இறுக்கிப் பிடிக்கலாம்.”

ஜெயபாலனின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை யாரும் பார்த்ததில்லை. தன் பயிற்சி பலிக்கிறது என்று அவர் நினைத்தார். எட்டுப் பேருக்கும் சிகரெட் டின்னில் பாதி எண்ணெய் எழுதிக் கொடுத்தார். அன்று சமையல்கட்டுக்குப் பின்னால் மரவள்ளிக் கிழங்கைச் சீவிப் பொரித்துத் தின்றார்கள். இரண்டு மாதத்தில் வாயில் எண்ணெய் வாசம் பட்டது அன்றுதான். சீனி விரலை ஒவ்வொன்றாக நக்கிவிட்டு, “கயிறு நீடூழி வாழணும்லா,” என்றான்.

கயிற்றுக் காயத்துக்கு எண்ணெய் செலவானது கணக்கில் ஏறியதும் சேவுகனுக்குச் சந்தேகம் வந்தது. காயத்தைப் பார்வையிட வேண்டும் என்றார். காயம் இருந்தால் எண்ணெய் சரி. காயம் இல்லையென்றால் எட்டுப் பேரும் கயிற்றை இழுக்கவில்லை, ஏமாற்றினார்கள், அணியைக் கலைத்துவிடலாம்.

அணி கலைந்தால் சான்று இல்லை. எட்டுப் பேரும் சமையல்கட்டுச் செங்கல் சுவர்முன் வரிசையாக நின்று உள்ளங்கையைத் தேய்த்தார்கள். டவுன் பையன்களுக்குச் சீக்கிரம் உரிந்தது. ஐயாவின் கை பத்து வயதிலிருந்து பால்கத்தி பிடித்துக் காய்த்த கை. செங்கல்தான் தேய்ந்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தான், விரல் நுனிவரை. கட்டைவிரலில் ரேகைகூட இல்லாமல் போயிற்று.

சேவுகன் மறுநாள் ஒவ்வொரு கையாகப் பிடித்துப் பார்த்தார். ஐயாவின் கையைப் பார்த்ததும் நிமிர்ந்து நின்று சல்யூட் வைத்தார். “இவன்தான் இழுத்திருக்கான்,” என்றார்.

போட்டிக்கு இரண்டு நாள் இருக்கும்போது உண்மையான கயிறு வந்தது. ரப்பர் கயிறு. விற்காமல் குவிந்து கிடந்த ரப்பர் ஷீட்டுகளை வாராக வெட்டி, தலைப்பின்னல்போல் பின்னி, தொடை தடிமனுக்கு ஒரு கயிறு. பெத்தபெருமாளின் யோசனை. மாளிகை முற்றத்தில் அதைக் கிடத்தி மாலை போட்டிருந்தார்கள்.

ஐயாவு அதை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தான். வெயிலில் ஏற்கெனவே பிசுபிசுத்தது. அந்தப் பாலை எடுத்து, உறையவைத்து, உருட்டி, புகைபோட்டு வளர்ந்தவன் அவன். வாய் சும்மா இருக்கவில்லை.

“ஐயா, இது இழுபடுங்க.”

“இழுபடத்தானே கயிறு?” என்றார் பெத்தபெருமாள்.

“இல்லங்க. ரெண்டு பக்கமும் இழுத்தா இது பாட்டுக்கு நீளுங்க. யாராச்சும் விட்டாங்கன்னா திரும்பி வந்து அடிக்குங்க.”

பெத்தபெருமாள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். அவருக்குப் பேச ஓர் இடம் கிடைத்தால் விடமாட்டார்.

“தம்பி சொல்கிறான், ரப்பர் நீளுமாம். யார் சொன்னது? வெள்ளைக்காரன் சொன்னது. வெள்ளைக்காரனுக்காக உழைத்தபோது ரப்பர் நீண்டது. அடிமை ரப்பர், நீளத்தான் செய்யும். இன்று அது விடுதலை பெற்ற ரப்பர். நான் இதே ரப்பரைப் பற்றித் துரைக்கு முப்பது வருஷம் அறிக்கை எழுதினேன். அப்போது எழுதியது எல்லாம் பொய். இப்போது எழுதுவதுதான் உண்மை. இரண்டையும் எழுதியவன் நான் என்பதால் எனக்கு வித்தியாசம் தெரியும்.”

எல்லோரும் கை தட்டினார்கள். சேவுகன் மீசையைத் தடவியபடி ஐயாவை ஒரு பார்வை பார்த்தார். ஐயாவும் கை தட்டினான். தோலில்லாத கை, தட்டியபோது கண்ணில் தண்ணீர் வந்தது. உணர்ச்சிவசப்பட்டான் என்று எழுதிக்கொண்டார்கள்.

விழா நாளில் ஈப்போ திடல் நிறைந்திருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையில் காகிதக் கொடி. பந்தலில் ஜப்பான் அதிகாரிகள். கமுந்திங் அணியும் பஞ்சத்தில் அடிபட்ட அணிதான். எட்டுப் பேருடைய விலா எலும்பையும் தூரத்திலிருந்தே எண்ணலாம். அவர்களுக்கும் வீட்டில் ஒவ்வொரு பத்துமலை இருந்திருப்பான். கயிற்றின் நடுவில் சிவப்புத் துணி. ஐயாவு இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டான். விசில் ஊதியது.

இரண்டு அணியும் இழுத்தன. இரண்டு அணியும் பின்னால் போயின. சிவப்புத் துணி இருந்த இடத்தில் அப்படியே இருந்தது. ஐயாவின் குதிகால் வெற்றிக்கோட்டைத் தாண்டியது. அதே நேரம் கமுந்திங்காரனுடைய குதிகாலும் அவர்கள் வெற்றிக்கோட்டைத் தாண்டியது. கூட்டம் இரண்டு பக்கமும் கை தட்டியது. பேண்டுக்காரர்கள் வெற்றிக்கீதத்தைத் தொடங்கிவிட்டு, யாருக்கு என்று தெரியாமல் பாதியில் நிறுத்தினார்கள். ஜெயபாலன் வாயில் விசிலை வைத்தபடி கேப்டனைப் பார்த்தார். கேப்டன் தாடையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார்.

“வெற்றி ஒன்றுதான் உண்டு! தொடரட்டும்!” என்று பெத்தபெருமாள் கத்தினார்.

தொடர்ந்தார்கள். கயிறு மெலிந்து கை தடிமன் ஆயிற்று. பின்னால் போய்க்கொண்டே ஐயாவின் முதுகு கொடிக்கம்பத்தில் இடித்தது, சுற்றிக்கொண்டு போனான். பள்ளிப் பிள்ளைகள் வழிவிட்டார்கள். எதிரணி மனிதர்கள் சிறியவர்களாகிக்கொண்டே போனார்கள். ‘விட்டுறாதீங்கடா, விட்டுறாதீங்கடா,’ என்று ஐயாவு முணுமுணுத்தது தன் ஆட்களுக்கா அந்த எட்டுப் பேருக்கா என்று அவனுக்கே தெரியவில்லை. தூரத்தில் கமுந்திங் அணியின் கடைசி ஆள் திடலோரச் சாக்கடையில் விழுந்தான். அவன்மேல் மற்றவர்கள் விழுந்தார்கள். பதினாறு கையும் ஒன்றாக விட்டன.

கயிறு வந்தது. சத்தம்தான் முதலில் கேட்டது. முதல் ஆள் சீனி. அவன் முகத்தில் அடித்துவிட்டுத்தான் அது கீழே விழுந்தது.

அன்று மாலை மாளிகையின் பின்கட்டில் சீனியைப் பாயில் போட்டிருந்தார்கள். முகத்தில் பாதியைப் பழைய வேட்டித் துணி மூடியிருந்தது.

“வலது கண்ணு ஹபிஸ் மச்சான், போயிருச்சு,” என்றான். “ஒரு கண்ணுக்குப் பாதி நிப்பொங்கோ படிச்சாப் போதும்ல? கேட்டுச் சொல்லு.”

ஐயாவு தண்ணீர் கொடுத்தான்.

“ஐயாவு.” சீனியின் குரல் இறங்கியது. “என்னை வெளிய அனுப்பிராமப் பாத்துக்க. இங்க இருந்தாத்தான் ஒருவேளையாவது. வெளிய போனா என்னைப் பட்டியல்ல எழுதிருவாங்க. ஆத்தாவுக்கு நான் ஒருத்தந்தான்.”

“பாத்துக்கிறேன்.”

“சொல்லு.”

“பாத்துக்கிறேன்டா. நான் இருக்கேன்ல.”

மறுநாள் விசாரணை. கழகம் தொடங்கியதிலிருந்து மூன்று துறைத் தலைவர்களும் ஒரே அறையில் உட்கார்ந்தது அன்றுதான். கயிற்றின்மேல் தப்பு சொல்ல முடியாது. அது மாலை போடப்பட்ட கயிறு. கமுந்திங்மேல் சொல்ல முடியாது. அங்கே இருப்பவர் மேஜர், இங்கே கேப்டன். கயிறு திரும்பி வந்தபோது முதல் ஆள் அதைப் பிடித்து நிறுத்தியிருக்க வேண்டும், முகத்தால் தடுத்தது ஒழுங்கீனம் என்று முடிவாயிற்று. சீனியைக் கழகத்திலிருந்து நீக்க ஒரு சாட்சி வேண்டும். கடைசி ஆளைக் கூப்பிட்டார்கள்.

மேசைமேல் இரண்டு தாள். ஒன்று சீனிமேல் சாட்சி. மற்றொன்று ஐயாவின் நான்காம் மாதச் சமநிலைச் சான்று. அதில் மூன்று கையெழுத்தும் போட்டுத் தயாராக இருந்தது. வெல்லவும் இல்லை, தோற்கவும் இல்லை. இதைவிடச் சமநிலை எது என்று கேப்டன் கேட்டாராம்.

“சாட்சித் தாள்ல நீ போட்டா இதை எடுத்துக்கலாம்,” என்றார் ஜெயபாலன், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

ஐயாவு நின்றான். “ஒன்னு கேக்கலாமாங்க? சீனி என்னா தப்புங்க பண்ணான்?”

“தப்பு பண்ணியிருந்தால் சாட்சி எதற்கு?” என்றார் பெத்தபெருமாள், சலிப்போடு. “இதோ பார். உங்கள் தோட்டத்துக்கு இருபது பேர். லாரி நாளைக்கு வருகிறது. உன் அண்ணன் பெயரை அடித்தால் பத்தொன்பதுதான் இருக்கும். இருபதாவதுக்கு ஓர் ஆள் வேண்டும், அதே தோட்டத்து ஆளாக. நான் வெள்ளைக்காரனுக்கும் ஆள் எண்ணிக் கொடுத்தவன். அவன் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. கேட்கிறவன் மாறலாம் தம்பி, எண்ணிக்கை மாறக் கூடாது. அதைத்தான் நான் நாணயம் என்று சொல்வது.”

“அவனுக்கு ஒரு கண்ணுதாங்க இருக்கு.”

“மண் சுமக்கக் கண் எதற்கு?” என்றார் சேவுகன்.

வெளியே யாரோ பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஐயாவுக்குப் பத்துமலையின் சின்னப் பெண் ஞாபகம் வந்தது. அப்பன் காய்ச்சலில் படுத்திருக்கும்போது அவன் காலைப் பிடித்துக்கொண்டே தூங்குகிற பெண். ஐயாவு மைப்பெட்டியில் கட்டைவிரலை அழுத்தித் தாளில் வைத்தான். கறுப்பாக ஒரு பொட்டு விழுந்தது. ரேகை இல்லை. மறுபடி வைக்கச் சொன்னார்கள். மறுபடியும் பொட்டு.

“கைநாட்டு செல்லாது. எழுதத் தெரியுமா?” என்றார் பெத்தபெருமாள்.

பேனாவைக் கொடுத்தார்கள். நான்கு மாதமாக வராத எழுத்து அன்று வந்தது. தன் பெயரை நிப்பொங்கோவில் ஒரு கோடுகூடப் பிசகாமல் எழுதினான்.

பெத்தபெருமாள் தாளைத் தூக்கி மற்ற இருவருக்கும் காட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது. “பால்மரம் சீவியவன்! பார்த்தீர்களா, கல்வித் துறை என்ன செய்திருக்கிறது என்று!”

சீனியைக் கழகத்து வாசலிலேயே லாரியில் ஏற்றினார்கள். அந்த நேரத்தில் ஐயாவுக்கு வகுப்பு, அணிவகுப்பு, பயிற்சி மூன்றும் இருந்தன. மூன்றுக்கும் போனான்.

வாரக் கடைசியில் அவனுக்கு இரண்டு நாள் விடுப்பு கொடுத்தார்கள். தோட்டத்துக்கு வந்தபோது பத்துமலை காய்ச்சல் விட்டு எழுந்து உட்கார்ந்திருந்தான். மங்களம் எங்கிருந்தோ ஒரு முட்டை வாங்கி அவித்து வைத்தாள். “தின்னுடா, நீ மட்டும் இல்லாட்டி இந்நேரம் நான் எங்க இருப்பேன்,” என்று பத்துமலை தட்டை அவன் பக்கம் தள்ளினான். ஐயாவு அதைக் குழந்தைகள் பக்கம் தள்ளினான்.

செல்லாயி வாசலில் வந்து நின்றாள். சீனியின் ஆத்தா. உள்ளே வா என்று மங்களம் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை.

“ஐயாவு. கண்ணு போன புள்ளையவா கொண்டு போயிருக்காங்க?”

“ஆமா அத்தை.”

“கிராணி சொன்னாரு. நீ எழுதிக் குடுத்தியாம்.”

“ஆமா.”

“இவனுக்குப் பதிலா?”

பத்துமலை வாயில் இருந்ததை விழுங்காமல் நிறுத்தினான். அவனுக்கு அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை.

“ஆமா அத்தை,” என்றான் ஐயாவு.

செல்லாயி பத்துமலையை ஏற இறங்கப் பார்த்தாள். அவன் மடியில் இருந்த பெண்ணையும் பார்த்தாள். அவள் சத்தம் போடுவாள் என்று லயமே எதிர்பார்த்து நின்றது.

“இவன அனுப்புன்னு நான் சொல்லல. ரெண்டு பொட்டப் புள்ளைங்க இருக்கு. ஆனா எனக்கு நீ ஒரு ஆளு தரணும் ஐயாவு. அழுவாத. அழுது கழிக்க முடியாது. ஒரு ஆளு. நெனப்புல வெச்சிக்க.”

அவள் தன் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். திங்கட்கிழமை ஐயாவு கழகத்துக்குத் திரும்பினான். ஐந்தாம் மாதச் சான்றுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

செல்லாயிக்கு ஐயாவு ஓர் ஆள் கடன். இன்னும் கொடுக்கவில்லை.